17 ரன் தூரத்தில்

டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் 1999 ஜனவரி 6ஆம் தேதி சிவசேனைக்காரர்கள் புகுந்து ஆடுகளத்தைக் கொத்திப் போட்டார்கள். பாகிஸ்தான் அணி இந்த மண்ணில் ஆடக்கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. ஆட்டத்தை நிறுத்த அவர்கள் செய்த அந்தக் காரியத்தால்தான் என்னால் அந்த ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது.

முதலில் போட்ட அட்டவணைப்படி முதல் டெஸ்ட் டெல்லியில், இரண்டாவது சென்னையில். சென்னை டெஸ்ட் பிப்ரவரியில் நடந்திருந்தால் எனக்குப் பிளஸ் டூ பிராக்டிகல். பள்ளிக்கூட லேபில் பிப்பெட்டும் பியூரெட்டுமாக நின்றிருப்பேன். டெல்லி ஆடுகளத்தைச் சரிசெய்ய நாள் வேண்டியிருந்ததால் இரண்டு ஊர்களையும் இடம் மாற்றினார்கள். ஜனவரி 28, வியாழக்கிழமை, முதல் டெஸ்ட் சேப்பாக்கத்தில் என்று ஆனது. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கால்மணி நேரம்.

பயணமே சின்னது. இரண்டு டெஸ்ட், அவ்வளவுதான். அதன் பிறகு கொல்கத்தாவில் ஆடியது ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் என்ற வேறு கணக்கு. 1987இல் இம்ரான் கான் தலைமையில் வந்தபோது ஐந்து டெஸ்ட் ஆடினார்கள். அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வரவில்லை. நம் அணி 1989இல் அங்கே போய் ஆடியதோடு டெஸ்ட் கிரிக்கெட் நின்றுபோயிருந்தது. சச்சின் டெண்டுல்கர் 16 வயதில் அறிமுகமான தொடர் அது. அப்போது எனக்கு ஏழு வயது. 17 வயதில் பாகிஸ்தான் டெஸ்ட் என்றால் எனக்கு அப்பா சொன்ன கதை மட்டும்தான்.

அப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். 1980 ஜனவரியில் கவாஸ்கர் 166 அடித்ததையும், அதே ஆட்டத்தில் கபில்தேவ் 84 அடித்து 11 விக்கெட்டும் எடுத்ததையும் சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். 1987இல் லீவு கிடைக்காமல், ஸ்ரீகாந்தின் 123ஐ அச்சகத்துக் கம்போசிங் அறையில் டிரான்சிஸ்டரில் கேட்டார். அந்தக் காலத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை அப்பா அப்படியே சொல்லிக் காட்டுவார். கிரிக்கெட்டுக்கு இவ்வளவு நல்ல தமிழ் இருக்கிறதா என்று நான் வியந்தது அப்பாவின் வாய் வழியாகத்தான். ஆட்டத்துக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன டைரியும் சீவிய பென்சிலும் எடுத்துப்போவார். எந்த விக்கெட் எத்தனை ரன்னில் விழுந்தது, யார் பிடித்தது, எல்லாம் அச்சுக்கோத்த மாதிரி எழுத்தில் வந்துவிடும். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்க மாட்டார். ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கக் குறி போடுவார். பழக்கம் அப்படி.

வியாழனும் வெள்ளியும் நான் பள்ளியில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு விருப்பமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண், அதுவும் பாகிஸ்தான் ஆட்டம், என்ன நடக்குமோ. டெல்லியில் நடந்ததும், பிறகு மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்தை அடித்து நொறுக்கியதும் பேப்பரில் வந்துகொண்டே இருந்தன. “போலீஸ் இருக்காங்க இல்ல” என்று மட்டும் அப்பா சொன்னார்.

போலீஸ் இருந்தார்கள். வாலாஜா சாலை முழுக்கக் காக்கிதான். டிபன் பாக்ஸ் விடமாட்டார்கள் என்று தெரிந்து அம்மா புளிச்சாதத்தை வாழையிலையில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கொடுத்திருந்தார். ஆண்கள் வரிசை தெருமுனை வரை வளைந்து கிடந்தது. பெண்கள் வரிசையில் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும். ஒரு பெண் போலீஸ் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “சாப்பாடா? போ போ” என்று திரும்பக் கொடுத்தார். உள்ளே பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று கேட்டால் தெரிந்தவர் யாருமில்லை. அந்த இரண்டு நாளும் வெயிலில் வாய் நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் குடித்தேன். கிரிக்கெட் பார்க்கப் போன என் வயதுப் பெண்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் போனார்கள். ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதியதில்லை.

அன்றைய சேப்பாக்கம் சிமென்ட் படிகளும் தூண்களுமான சேப்பாக்கம். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பாதி ஆடுகளம் தெரியாது. அப்பா காலை ஏழு மணிக்கே போய் நின்றதால் எங்களுக்குத் தூண் இல்லாத இடம். ஓர் ஓரமாக என்னை உட்காரவைத்து, அவர் கூட்டத்தின் பக்கம் உட்கார்ந்துகொண்டார். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் வேர்வை உலர்ந்து, சட்டையில் உப்புக்கோடு தெரிந்தது.

நான் போவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. பாகிஸ்தான் 238. கும்ப்ளேவுக்கு ஆறு விக்கெட். இந்தியா 254. எங்கள் ஊர்ப் பையன் சடகோபன் ரமேஷ், முதல் டெஸ்டைச் சொந்த ஊரிலேயே ஆடி 43 அடித்திருந்தார். சச்சின் பூஜ்யம். சக்லைன் முஷ்டாக்கின் மூன்றாவது பந்திலேயே போய்விட்டார் என்பதை வெள்ளிக்கிழமை பள்ளி வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டு, மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை அப்ரிடியின் நாள். ஒருநாள் ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர், டெஸ்டில் நின்று ஆடி 141 எடுத்தார். அவர் சதம் அடித்தபோது அப்பா பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கைதட்டினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

“நம்மளத்தானப்பா அடிக்கிறான்?”

“நல்லா ஆடுறான்மா. ஆடுனா தட்டணும்.”

நான் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் வெங்கடேஷ் பிரசாத் வந்தார். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275இல் இருந்தது. 286இல் மொத்தமும் முடிந்தது. பிரசாத் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட் எடுத்தார். மொத்தம் 33 ரன்னுக்கு 6. அரங்கம் முழுக்க எழுந்து ஆடியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெற்றிக்கு 271 வேண்டும். இரவு விளக்கு அணைத்த பிறகும், இன்னும் எத்தனை, யார் யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். ரமேஷும் லக்ஷ்மணும் வக்கார் யூனிஸிடம் போயாயிற்று. 2 விக்கெட்டுக்கு 40. சச்சின் நிற்கிறார்.

ஞாயிறு காலை டிராவிட்டை வாசிம் அக்ரம் ஆட்டமிழக்கச் செய்த பந்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. உள்ளே வருவதுபோல வந்து, வெளியே திரும்பி, ஆஃப் ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போனது. எங்கள் பகுதியில் ஒரு முனகல்கூட எழவில்லை. அப்படிப்பட்ட பந்து அது. அசாருதீன் போனார். கங்குலி போனார். 5 விக்கெட்டுக்கு 82. பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. அப்பா அவர்களுக்குக் காலை ஒதுக்கி வழிவிட்டார். எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.

பிறகு நயன் மோங்கியாவும் சச்சினும். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் சச்சினையே எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் நாங்கள் மோங்கியாவின் ஒவ்வொரு பந்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சக்லைன் மறுபக்கம் திரும்பும் தூஸ்ரா வீசுகிறார், விரல் எப்படிப் போகிறதென்று கேலரியில் இருக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்? பந்து விழுந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு. ஒவ்வொரு ரன்னாகச் சேர்ந்து 136 ரன். மோங்கியா 52இல் போனபோது 218. இன்னும் 53 வேண்டும்.

அதற்குள் சச்சினின் முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. அடித்துவிட்டு ஒரு கையால் இடுப்பைப் பிடிப்பார். குனிந்து நிற்பார். வலி பொறுக்க முடியாததாலோ என்னவோ, சீக்கிரம் முடித்துவிடவேண்டும் என்று ஆடினார். எல்லைக்கோட்டுக்குப் பந்து போகும்போதெல்லாம் சிமென்ட் படி எங்களுக்குக் கீழே அதிர்ந்தது. இன்னும் 17 ரன், கையில் 4 விக்கெட். அப்போதுதான் அப்பா, என் வாழ்க்கையில் அவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். ஆட்டம் முடியும் முன்பே டைரியில் “இந்தியா வெற்றி” என்று எழுதினார்.

அடுத்துச் சச்சின் தூக்கி அடித்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு மேலே போனது. பந்து அவ்வளவு நேரமா வானத்தில் இருக்கும்? கீழே வாசிம் அக்ரம் நின்றிருந்தார். அவர் கையில் விழுந்த சத்தம்கூடக் கேட்டதாக எனக்கு நினைவு. கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கேட்டது. 136.

மிச்சம் சொல்ல மனசு வருவதில்லை. ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத். 254இலிருந்து 258. சக்லைனின் பந்து ஸ்ரீநாத்தின் ஸ்டம்பைத் தொட்டதும் முடிந்தது. 12 ரன் தோல்வி. இரண்டு இன்னிங்ஸிலும் சக்லைனுக்கு ஐந்தைந்து விக்கெட்.

அந்த மௌனத்தை எப்படி எழுதுவது? இழவு வீட்டில்கூட ஒரு சத்தம் இருக்கும். அன்று அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில் காகம் கத்துவது கேட்டது. நான் முழங்காலில் முகத்தை வைத்து அழுதேன். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றதை அழுகைக்கு நடுவே பார்த்து, இவர்களுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னைப் போலவே நினைத்தவர்கள் அங்கே ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். ஒருவன் ஒரு கல்லை எறிந்திருந்தால் போதும், அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கும். சென்னைக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட நல்லவர்கள் என்று பெருமை பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டரை வாரத்தில் கொல்கத்தாவில் சச்சின் ரன் அவுட் ஆனபோது கூட்டம் கொதித்து, கடைசியில் போலீஸ் மொத்த அரங்கத்தையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கொதிப்பு எங்கள் கேலரியிலும் இருந்தது. பொங்குவதற்கு ஒரு விரல் அளவுதான் மிச்சம்.

ஆனால் யாரோ கைதட்டினார்கள். எங்கிருந்து ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இடதுபக்கம், எங்கோ மேலே. முதலில் தனித்தனியாக, பிறகு மழை வலுப்பதுபோல. அப்பா டைரியை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்தார். என் தோளைத் தொட்டார்.

“அழுவுறத வீட்ல போய் அழு. இப்ப எந்திரி.”

எழுந்தேன். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தது. அத்தனை போலீஸ் காவலில் வந்தவர்கள், எந்தப் பக்கம் என்ன பறந்து வருமோ என்ற நினைப்போடு நான்கு நாளும் ஆடியவர்கள், எங்கள் வேலிக்குப் பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் எங்கள் பகுதிக்கு வந்தபோது நானும் தட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீர் நிற்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. அன்று எனக்குள் நடந்தது என்ன என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. எல்லோரும் தட்டினார்கள், அப்பா எழுப்பிவிட்டார், தட்டினேன். தட்டத் தட்டத்தான் நெஞ்சில் இருந்த கெட்ட நினைப்பு கரைந்தது. மனசு மாறிக் கை தட்டவில்லை. கை தட்டியதால் மனசு மாறியது.

வாசிம் அக்ரம் அந்த மாலையைப் பிற்பாடு பல பேட்டிகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் அதில் என் இரண்டு கையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 7ஆம் தேதி டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்தார். கொத்திப்போட்டுச் செப்பனிட்ட அதே ஆடுகளம். பத்தாவது விக்கெட் வாசிம் அக்ரம். தொடர் 1-1. இரண்டு டெஸ்ட் பயணத்தில் இதைவிட என்ன வேண்டும்? பிப்ரவரி 20ஆம் தேதி வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதம் கார்கில். ஜூன் 8ஆம் தேதி, எல்லையில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, மான்செஸ்டரில் உலகக் கோப்பை ஆட்டத்தில் இரண்டு அணிகளும் ஆடின. அன்றும் பிரசாத்துக்கு ஐந்து விக்கெட். அப்பா அதை எழுதிவைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையன் ராணுவத்தில் இருந்தான். அந்த வீட்டு டிவி அன்று ஓடவில்லை, அதனால் நாங்களும் போடவில்லை.

2004இல் நம் அணி பாகிஸ்தான் போனது. சேப்பாக்கத்தில் நாங்கள் தட்டியதற்கு வட்டியும் முதலுமாகத் திரும்ப வந்தது என்றே அதைச் சொல்வேன். எங்கள் ஊர் லட்சுமிபதி பாலாஜி ஒரு சிரிப்பால் அந்த நாட்டையே பிடித்துப்போட்டார். விக்கெட் எடுத்தாலும் சிரிப்பு, அடி வாங்கினாலும் சிரிப்பு. ஷோயப் அக்தரைச் சிக்சர் அடித்துவிட்டும் அதே சிரிப்பு. பாகிஸ்தான் ரசிகர்கள் பாலாஜி பாலாஜி என்று கத்தியதை டிவியில் பார்த்த அப்பா, “அந்த ஊர்லயும் தட்டறாங்க பாத்தியா” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

2007 டிசம்பரோடு இரு நாடுகளுக்கும் இடையே டெஸ்ட் நின்றது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, 2012 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முடிந்த ஒரு பயணம். இரண்டு இருபது ஓவர் ஆட்டம், மூன்று ஒருநாள் ஆட்டம். முதல் ஒருநாள் ஆட்டம் டிசம்பர் 30, சேப்பாக்கத்தில். 5 விக்கெட்டுக்கு 29 என்று கிடந்த அணியைத் தோனி ஆட்டமிழக்காமல் 113 அடித்துத் தூக்கி நிறுத்தினார். ஆனாலும் நாசிர் ஜாம்ஷெட் சதம் அடித்து பாகிஸ்தானை ஜெயிக்க வைத்தார். ஐந்து டெஸ்ட் இரண்டாகி, இரண்டு டெஸ்ட் ஐந்து சின்ன ஆட்டமாகி, அதுவும் நின்றுபோயிற்று. அப்பாவுக்கு அப்போது மூச்சு வாங்கும் நோய். படியேற முடியாது என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். கடைசிப் பந்து முடிந்ததும் டிவி முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மெதுவாக நாலு தட்டுத் தட்டினார். அதன் பின் இன்றுவரை இரு நாடுகளுக்கு இடையே ஒரு பயணம் நடக்கவில்லை. அப்பா 2016இல் போய்விட்டார்.

2023 உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் இங்கே வந்தது. இந்தியாவோடு ஆடியது அகமதாபாத்தில். சேப்பாக்கத்தில் அக்டோபர் 23ஆம் தேதி ஆப்கானிஸ்தானோடு. மகளைக் கூட்டிப்போனேன். தூண்கள் போய், வெள்ளைக் கூரை வந்து, கலைஞர் பெயரில் புது ஸ்டாண்ட் எழுந்து, ஊருக்கே ஒரு அழகு வந்திருந்தது. எண் போட்ட நாற்காலி. பெண்கள் கழிப்பறைக்கு அம்புக்குறி போட்ட பலகை. அந்தப் பலகையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். என்னம்மா என்று மகள் இழுத்தாள். பச்சை ஜெர்சி போட்டவர்களைத் தேடிப் பார்த்தேன். பாகிஸ்தானிலிருந்து ரசிகர்களுக்கு விசா கிடைத்தது மிக அரிது. விரல்விட்டு எண்ணலாம்.

அன்று ஆப்கானிஸ்தான் 283 ரன்னைத் துரத்தி எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள், கூட்டம் எழுந்து தட்டியது. நான் நின்றுகொண்டே, அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையில் இருந்தேன். இந்த முறை பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் தலை குனிந்து உள்ளே போனார்கள். போகிற வழியில் சிலர் அவர்களுக்கும் தட்டினார்கள். நான் தட்டினேன். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

அது நல்ல இரவு. அதோடு முடிந்திருக்கலாம்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். மே மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டன. செப்டம்பரில் ஆசியக் கோப்பை. இந்தியாவும் பாகிஸ்தானும் துபாயில் 14ஆம் தேதி ஆடின, 21ஆம் தேதி ஆடின, 28ஆம் தேதி இறுதிப் போட்டியும் ஆடின. டாஸ் போடும்போது கைகொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தும் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஜெயித்த கோப்பையையும் பாகிஸ்தான் வாரியத் தலைவர் கையால் வாங்கமாட்டோம் என்று நம் அணி வெறுங்கையோடு கொண்டாடியது.

முதல் ஆட்டம் முடிந்தபோது 14 வயது மகள் கேட்டாள், “ஏம்மா யாரும் யாருக்கும் கை குடுக்கல?”

பஹல்காமைச் சொன்னேன். அவளுக்குத் தெரியும். “அப்ப ஏன் ஆடுனாங்க?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. புருஷனைக் கண்ணெதிரே பறிகொடுத்த பெண்களின் வீட்டு வாசலில் நின்று கிரிக்கெட்டைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கு வராது. ஆடமாட்டோம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கொடுத்திருப்பார்கள். மூன்று முறை ஆடி, மூன்று முறையும் விளம்பரம் ஓடி, நாமும் உட்கார்ந்து பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்வது எனக்குப் புரியவில்லை. அந்தக் கையால் இழப்பதற்கு என்ன இருந்தது? துக்கத்துக்கு மரியாதை செய்வது என்றால் ஆட்டத்தை விடவேண்டும். ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் அதன் முறையையும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆடுனா தட்டணும் என்றார் அப்பா. அவருக்கு இதைவிட நீளமாகச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

1999இல் ஆடுகளத்தைத் தோண்டினார்கள், வாரிய அலுவலகத்தை உடைத்தார்கள், டெல்லியில் மைதானத்துக்குள் பாம்பை விடப்போகிறார்கள் என்ற பயத்தில் பாம்பாட்டிகளைக் கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனைக்கும் நடுவில் கை கைக்கு எட்டியது. 2025இல் துபாயில் மைதானத்துக்கு ஒரு கீறல் இல்லை. கை எட்டவில்லை.

மகள் கேள்வி கேட்ட அன்று இரவு அலமாரியைத் திறந்து அப்பாவின் 1999 டைரியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மிகச் சின்ன எழுத்து. அவள் கைப்பேசி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். ஜனவரி 31 பக்கத்தில் “இந்தியா வெற்றி” என்று எழுதி, ஒரு நேர்க்கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கக் குறி போட்டிருந்தது. கீழே 258. அதற்கும் கீழே, வேறு ஒன்றுமில்லாத இடத்தில், “எழுந்து நின்றோம்” என்று இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு எழுதியிருக்க வேண்டும். அரங்கத்தில் டைரியை மூடிவைத்துவிட்டுத்தானே எழுந்தார்.

“யாருக்கும்மா எழுந்து நின்னீங்க? சச்சினுக்கா?”

“சச்சின் வெளியவே வரல. மேன் ஆஃப் த மேட்ச் அவருக்குத்தான், அதை வாங்கக்கூட வரல. உள்ளே அழுதுக்கிட்டு இருந்தாராம்.”

“அப்ப?”

“வெளியில அவங்க மட்டும்தான் இருந்தாங்க.”

அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜனவரி 30ஐத் திருப்பி, அப்ரிடியின் 141ஐ விரலால் தேடினாள்.